படப்பக்கரை சிப்பிகள் கல்லான விதம்: எந்தத் தரவுத்தளம் உதவும்?

தென்மலை:
வணக்கம். கேரளத்தில் கொல்லம் பக்கம், அஷ்டமுடிக் காயலோரம் உள்ள படப்பக்கரை சுண்ணாம்புக்கல்லை வைத்து எம்.எஸ்சி. மாணவிகள் இருவருக்கு புராஜெக்ட் கொடுக்கிறேன். அங்கே என்னென்ன உயிரி இருந்தது என்று பட்டியல் போடுவது நோக்கமில்லை. செத்த பிறகு ஓடு எப்படி உடைந்தது, எது கரைந்தது, எது தப்பியது என்று பார்க்க வேண்டும். பேலியோபயாலஜி டேட்டாபேஸ் என்ற புதைபடிவத் தரவுத்தளத்தில் தொடங்கலாமா? நியோடோமா என்ற இன்னொரு தரவுத்தளம் பயன்படுமா?

புனலூரான்:
பேலியோபயாலஜியில் தொடங்குங்கள் சார். நியோடோமா பெரும்பாலும் கடைசி சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கானது. எலும்பில் தீப்பட்ட தடம், கடித்த தடம் எல்லாம் குறிக்க அதில் நல்ல வசதி உண்டு, ஆனால் உங்கள் கல் மயோசீன் காலத்தது (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்).

ஊர்ப்பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். பழைய கட்டுரைகளில் கொல்லத்தின் ஆங்கிலப் பெயரான 'குயிலோன்' என்றுதான் இருக்கும். வடக்கு 8.7–9.1, கிழக்கு 76.5–76.8 என்று கட்டம் போட்டுத் தேடுவது பத்திரம். காலத்தை மயோசீனின் ஒரு பகுதியான பர்டிகாலியன் என்று குறுக்கினால், வெறும் 'மயோசீன்' என்று பதிந்தவை விடுபட்டுப் போகலாம். அதனால் மயோசீன் முழுவதையும் எடுத்துப் பிறகு வடிகட்டுங்கள்.

இறக்கும்போது 'ஆக்கரன்ஸ்' (ஒவ்வொரு இனமும் கிடைத்த பதிவு) பட்டியலோடு 'கலெக்‌ஷன்' (ஓரிடத்தில் எடுத்த மொத்தத் தொகுப்பு) பட்டியலும் கட்டாயம் வேண்டும். துண்டாதல், துளையிடல், மேலே ஒட்டி வளர்ந்தவை, அளவு வாரியாகப் பிரிந்திருத்தல் எல்லாம் கலெக்‌ஷனுக்குத்தான் பதிவாகும், தனித்தனி இனத்துக்கு அல்ல. 'துளையிடல் அதிகம்' என்று இருந்தால் அது சிப்பியிலா நத்தையிலா என்று அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது, மூலக் கட்டுரையைத் திறந்தே ஆக வேண்டும்.

பாறசாலை:
இதோடு ஒன்று. அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். காலி என்றால் 'துளை இல்லை' என்று அர்த்தமில்லை, யாரும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம். எக்செல்லில் காலியைப் பூஜ்யமாக மாற்றிவிட்டால் வேலை மொத்தமும் கெட்டுப்போகும். முதலில் ஒவ்வொரு பத்தியிலும் (காலம்) எத்தனை வரி நிரம்பியிருக்கிறது என்று எண்ணுங்கள். பாதிகூட நிரம்பாத பத்தியை வைத்து வரைபடம் போடாதீர்கள்.

கலெக்‌ஷன் எதற்காக விவரிக்கப்பட்டது என்று ஒரு பத்தி உண்டு. அதில் 'டாக்ஸானமிக்' (இனம் அடையாளம் காண) என்றிருந்தால் முழு ஓடுகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். 'டாஃபோனமிக்' (செத்த பிறகு நேர்ந்ததைப் பார்க்க), 'பேலியோஎக்காலஜிக்' (பழைய சூழலைப் பார்க்க) என்று குறித்தவற்றைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஒட்டுமொத்தமாக அள்ளிச் சலித்ததா, கையால் பொறுக்கியதா என்பதும் அங்கேயே இருக்கும். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான பத்தி அதுதான்.

சத்தியவேடு:
எங்கள் பக்கம் சத்தியவேடு, ஸ்ரீபெரும்புதூர் படிவுகளில் டைலோஃபில்லம் (Ptilophyllum) என்ற அழிந்துபோன தாவரத்தின் இலைத் தடங்கள் வரும். இலைக்கு 'ஒட்டி வளர்ந்தவை' பத்தி உதவாது. பாறை வகையும் 'அச்சா, கரிப்படலமா' என்ற பாதுகாப்பு முறையும்தான் பேசும். உலக உயிரினப் பதிவுத் தளமான ஜிபிஃப்பில் (GBIF) 'புதைபடிவ மாதிரி', 'படம் உண்டு' என்று இரண்டு வடிகட்டியும் போட்டால் தடத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். சிப்பிக்கும் இதே வழிதான்.

தென்மலை:
நன்றி. தரவுத்தளத்தை மட்டும் வைத்து முடிக்க முடியுமா?

புனலூரான்:
முடியாது சார். அது ஒப்பிடத்தான். நத்தைகளும் பல இருவோட்டுச் சிப்பிகளும் அரகோனைட் ஓடு, எளிதில் கரையும் (அரகோனைட், கால்சைட் இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் இரு கனிம வடிவங்கள்). கிளிஞ்சல் வகையில் ஆய்ஸ்டர், பெக்டன் இரண்டும் பெரும்பாலும் கால்சைட், நிற்கும். பட்டியலில் ஆய்ஸ்டர் மட்டும் மிஞ்சினால் கடலில் அதுதான் இருந்தது என்று எழுதிவிடக் கூடாது. ஓடு கரைந்துபோய், உள்ளே நிரம்பி இறுகிய மண்ணாலான உள்ளச்சு மட்டும் நிற்கும் நத்தைகளைத் தேடி எண்ணச் சொல்லுங்கள்.

இளகிய களிமண் அடுக்கை நீரில் ஊறவைத்து 2 மி.மீ. சல்லடையில் சலித்து, குறைந்தது 200 துண்டுகளுக்கு உடைவு, துளை போன்றவை எவ்வளவு என்று 0 (இல்லை), 1 (கொஞ்சம்), 2 (அதிகம்) என்று மதிப்பெண் போட்டு எண்ணட்டும். இறுகிய சுண்ணாம்புக்கல்லைச் சலிக்க வராது, அறுத்து, நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிய வெட்டு எடுக்க வேண்டும். அமிலத்தில் மட்டும் போட்டுவிட வேண்டாம், கல்லோடு ஓடும் போய்விடும்.