ஒரு செல் லிப்போ பேன் கார்: ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

கோட்டையூர்_பேன்கார்

எல்லோருக்கும் வணக்கம். 1/12 ஸ்கேல் பேன் கார் (தட்டையான அடித்தட்டு உள்ள ரிமோட் ரேஸ் கார்) ஒன்று கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி ஒரு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) 6000 எம்ஏஎச், 13.5 டர்ன் சென்சார் மோட்டார், ஸ்டியரிங்கைத் திருப்ப 6 வோல்ட் லோ புரொஃபைல் டிஜிட்டல் சர்வோ. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈஎஸ்சி ஒரு செல்லிலும் ஓடும் என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் உள்ளே பூஸ்டர் (வோல்டேஜை ஏற்றித் தருகிற சர்க்யூட்) கிடையாது. பெரியப்பா வீட்டு இரண்டாம் கட்டு ஹாலில் கார்பெட் விரித்து டிராக் போட்டிருக்கிறோம். கார்பெட் இல்லாமல் ஓட்ட முடியாது, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த ஆத்தங்குடி கல்லில் ஃபோம் டயருக்குப் பிடிமானமே இல்லை.

பிரச்சினை இதுதான். ஃபுல் சார்ஜில் முதல் நாலைந்து நிமிடம் கார் அருமையாக ஓடும். அதற்கப்புறம் வளைவு முடிந்து ட்ரிகரை முழுக்க இழுக்கிற நேரத்தில் ஸ்டியரிங் அப்படியே செத்துவிடுகிறது, மோட்டாரும் விட்டுவிடுகிறது, ஒரு நொடி கழித்து இரண்டும் சேர்ந்தே திரும்ப வருகின்றன. அதற்குள் கார் போய் தேக்குத் தூணில் இடித்துவிடும். ரேஞ்ச் பிரச்சினை இல்லை, அதே ஹாலில்தான் நிற்கிறேன், டிரான்ஸ்மிட்டர் பேட்டரியும் புதிது. கடையில் கேட்டால் இன்னும் அதிக சி ரேட்டிங் (கரண்ட் கொடுக்கும் திறன்) உள்ள பேட்டரி வாங்கு என்கிறார்கள். வாங்கலாமா? இல்லை, ரிசீவருக்குத் தனி பேட்டரி வைப்பதா, பூஸ்டர் போடுவதா? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ரஸ்தா_ரேசர்

தம்பி, பேட்டரிக்குக் காசு போடாதே, கொஞ்சம் பொறு. நீ சொல்வது அப்பட்டமான பிரவுன் அவுட், அதாவது வோல்டேஜ் இறங்கி ரிசீவர் அணைவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்: நாலைந்து நிமிடம் ஓடின செல் சும்மா இருக்கும்போது 3.75 வோல்ட் காட்டும் என்று வை. வளைவிலிருந்து வெளியே வரும்போது மோட்டார் 60 ஆம்ப் இழுக்கிறது. செல்லின் உள்தடை, புல்லட் கனெக்டர், ஒயர், சால்டர் எல்லாம் சேர்ந்து 6 மில்லி ஓம் இருந்தாலே 0.36 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். மிச்சம் 3.39. உன் ஈஎஸ்சியில் பூஸ்டர் இல்லை என்பதால் ரிசீவருக்குப் போகிற சிவப்பு ஒயரில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே 3.39தான், அதிலும் சர்வோ அதே நேரத்தில் சக்கரத்தை நேராக்க இழுக்கிறது. நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்களுக்கு 3.5 வோல்ட்தான் கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் ரிசீவர் அணைந்து மறுபடி எழுந்திருக்க வேண்டும்.

இப்போது உன் அறிகுறியைப் பார். ரிசீவர் அணைகிறது, சிக்னல் இல்லாததால் ஈஎஸ்சி மோட்டாரை விட்டுவிடுகிறது, மோட்டார் விட்டதும் வோல்டேஜ் ஏறிவிடுகிறது, ரிசீவர் உயிர் பெறுகிறது. அதனால்தான் ஸ்டியரிங்கும் மோட்டாரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருகின்றன. சர்வோ மட்டும் கெட்டிருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மோட்டார் வழியில் கோளாறு என்றால் ஸ்டியரிங் வேலை செய்யும். பிரவுன் அவுட் ஆகி எழுந்தால் சில ரிசீவர்களில் எல்இடி மினுக்கிக்கொண்டே இருக்கும், கார் நின்றதும் ஆஃப் பண்ணாமல் குனிந்து அதை ஒரு தடவை பார்.

நல்ல பேட்டரி வாங்கினால் இந்தப் பிரச்சினை ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஏழாவது நிமிடத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 1/12 ரேஸ் வழக்கமாக 8 நிமிடம், கடைசி நிமிடத்தில் ஸ்டியரிங் போகிற கார் எதற்கு? இன்னொன்று, முழு சார்ஜான 4.2 வோல்ட்டில்கூட உன் 6 வோல்ட் சர்வோ மந்தமாகத்தான் திரும்பும். நன்றாக ஓடுகிறது என்று நீ நினைக்கிற அந்த முதல் நாலு நிமிடமும் பாதி சர்வோவோடு ஓட்டுகிறாய்.

பள்ளத்தூர்_சால்டர்

ரஸ்தா அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. என் ஓட்டு தனி ரிசீவர் பேட்டரிக்கு. நாலு செல் நிக்கல் காலத்திலேயே, அதாவது 4.8 வோல்ட் இருந்தபோதே, இந்த வகுப்பில் குட்டி ரிசீவர் பேக் வைத்து ஓட்டினவர்கள் நிறைய. ஒரு செல் லிப்போ வந்ததும் அது இன்னும் அவசியமாகிவிட்டது. பெரிய பேட்டரி எவ்வளவு தொய்ந்தாலும் ரிசீவருக்குத் தெரியவே தெரியாது, அதைவிட நிம்மதி என்ன இருக்கிறது?

கொள்ளளவும் அதிகம் வேண்டாம். சர்வோவும் ரிசீவரும் சராசரியாக 0.3 ஆம்ப் எடுத்தால் 8 நிமிடத்துக்கு 40 எம்ஏஎச்தான். 250 எம்ஏஎச் இருந்தாலே நாலைந்து ஓட்டத்துக்குத் தாராளம். ஆனால் எந்த பேக் என்பதில் கவனமாக இருங்கள். இரண்டு செல் லிப்போ முழு சார்ஜில் 8.4 வோல்ட், உங்கள் 6 வோல்ட் சர்வோவைப் புகைத்துவிடும். இரண்டு செல் லைஃப் (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேக்கில் 6.6 என்று போட்டிருந்தாலும் சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் 7.2 வரை இருக்கும், அதுவும் 6 வோல்ட் சர்வோவுக்கு அதிகம். எச்வி (அதிக வோல்டேஜ் தாங்குகிற) சர்வோவாக மாற்றுவதாக இருந்தால் மட்டும் அவை. ரிசீவரின் மேல் எல்லையையும் பார்த்துவிடுங்கள்.

கண்டனூர்_பவர்

நான் பாலிடெக்னிக்கில் பவர் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன், என் மகன் இந்த வண்டிதான் ஓட்டுகிறான். எனக்கு ரிசீவர் பேக்கில் உடன்பாடு இல்லை. 20 கிராமுக்கு மேல் எடை, அதை வண்டியில் இடது வலது சமமாக வைக்க இடம், தனி சார்ஜ், சார்ஜ் போட மறந்துவிட்டால் வண்டி கட்டுப்பாடே இல்லாமல் போகும் ஆபத்து. சர்வோவையும் மாற்ற வேண்டும் என்றால் செலவு வேறு. நல்ல பூஸ்டர் சில கிராம்தான்.

பூஸ்டர் பெரிய பேட்டரியைத் தின்றுவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். பள்ளத்தூர் தம்பி சொன்ன அதே 0.3 ஆம்பை 6 வோல்ட்டில் கொடுக்க 1.8 வாட். 85 சதவீதத் திறன் என்றால் செல்லிலிருந்து 0.57 ஆம்ப், 8 நிமிடத்துக்கு 76 எம்ஏஎச். 6000 இருக்கிற பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கவலைப்பட வேண்டியது சராசரிக்கு இல்லை, உச்சத்துக்கு. சர்வோ சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பும்போது 2.5 ஆம்ப் கேட்டால் 6 வோல்ட்டில் அது 15 வாட். செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிற அதே நொடியில் உள்ளே போக வேண்டியது 5 ஆம்புக்கு மேல். பூஸ்டர் வாங்கும்போது வெளியே எத்தனை ஆம்ப் என்று மட்டும் பார்க்கிறார்கள், அது எந்த உள் வோல்டேஜில் என்று பார்ப்பதில்லை. 3 வோல்ட் உள்ளே போனால் 6 வோல்ட்டில் எத்தனை ஆம்ப் தரும் என்று கேட்டு வாங்குங்கள்.

உள் ஒயரைப் பேட்டரி புல்லட்டின் மேலேயே நேராக சால்டர் வையுங்கள், ஈஎஸ்சி ஒயர் நீளத்தில் விழுகிற வோல்டேஜை எதற்காகப் பூஸ்டருக்கும் கொடுக்க வேண்டும்? ஒயர் தடியாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், சர்வோ ஒயர் மாதிரி மெல்லியது வேண்டாம்.

கோட்டையூர்_பேன்கார்

ரஸ்தா அண்ணே, பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே எல்இடி மினுக்கியது. சந்தேகம் தீர்ந்தது.

கண்டனூர் ஆச்சி, பூஸ்டரே போட்டுவிடுகிறேன். மதுரை டவுன் ஹால் ரோட்டில் வாங்கின எம்டி3608 பூஸ்டர் போர்டு ஒன்று கையில் இருக்கிறது, 2 ஆம்ப் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது போதுமா? கூட ஒரு 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சமாளிக்குமா?

கண்டனூர்_பவர்

தம்பி, அந்த 2 ஆம்பை நம்ப வேண்டாம். அந்த ஐசியின் உள் ஸ்விட்ச்சுக்கு எல்லை 4 ஆம்ப், அது உள்ளே போகிற கரண்ட்டுக்கு. நாம் போட்ட கணக்கில் 5 ஆம்ப் தாண்டுகிறது. அந்தச் சின்ன போர்டு சூடேறாமல் தொடர்ந்து தருவது 1 ஆம்ப் அளவுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த கரண்ட் மைக்ரோ சர்வோவுக்கு ஓடும், உங்கள் சர்வோவுக்குப் பத்தாது. அதற்கு மேல் கேட்டால் வெளி வோல்டேஜ் சரிந்து, கடைசியில் டையோடு வழியாக வருகிற செல் வோல்டேஜ்தான் மிஞ்சும், மறுபடி பழைய நிலைமை. ரேஸ் காருக்கென்றே வருகிற ஒரு செல் பூஸ்டர் வாங்குங்கள்.

இருந்தும் சோதனைக்காக அந்த போர்டைப் போடுவதென்றால், முதலில் ரிசீவரை இணைக்காமல் மல்டிமீட்டர் வைத்து 6 வோல்ட்டுக்கு செட் பண்ணுங்கள். அந்தப் பித்தளைத் திருகைப் பல சுற்று சுற்றும்வரை மீட்டரில் எண் நகராது, பிறகு திடீரென நகரும். அந்த போர்டு 28 வோல்ட் வரை ஏறக்கூடியது, ரிசீவர் ஒரு நொடியில் போய்விடும்.

கெப்பாசிட்டர் நல்லதுதான், ஆனால் அது செய்வது கொஞ்சம். 4700 மைக்ரோஃபாரட் 6 வோல்ட்டிலிருந்து 3.5க்கு இறங்குவதற்குள் 1 ஆம்ப் கொடுத்தால் 12 மில்லி நொடி தாங்கும். உங்கள் வண்டி ட்ரிகரை இழுத்து நேர்பாதையில் போகிற நேரம் அதைப் போல எத்தனையோ மடங்கு. ஆகவே பூஸ்டரோடு சேர்த்துப் போடுங்கள், பூஸ்டருக்குப் பதிலாக வேண்டாம். காசு மாதிரி தட்டையாக இருக்கிற 5.5 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டரைச் சிலர் சொல்வார்கள், அதன் உள்தடை மிக அதிகம், சர்வோவுக்கு உதவாது.

பள்ளத்தூர்_சால்டர்

பூஸ்டர் போட்டதும் ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வருகிற பிளக்கில் சிவப்பு ஒயரை மட்டும் உருவி டேப் சுற்றிவிடுங்கள். கறுப்பும் சிக்னல் ஒயரும் இருக்கட்டும். உருவாமல் விட்டால் 6 வோல்ட் அந்த வழியாக செல்லுக்குத் திரும்பிப் பாயும்.

ரஸ்தா_ரேசர்

பள்ளத்தூர் தம்பி சொன்னது உன் ஈஎஸ்சிக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒரு செல்லில் ஓடும்போது தன் உள் சர்க்யூட்டுக்கும் மோட்டார் சென்சாருக்கும் வேண்டிய வோல்டேஜை ரிசீவர் பக்கத்திலிருந்து அதே சிவப்பு ஒயர் வழியாக எடுத்துக்கொள்கிற ஈஎஸ்சிகள் உண்டு. அவற்றில் உருவினால் மோட்டார் திக்கித் திணறும் அல்லது கிளம்பவே கிளம்பாது. மேனுவலில் வெளி ரிசீவர் பேட்டரி வைக்கிற படத்தைப் பார், சிவப்பை உருவச் சொல்லியிருந்தால் உருவு, இல்லையென்றால் தொடாதே.

போட்டு முடித்ததும் ஸ்டாண்டில் வைத்து ட்ரிகர் இழுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விடாதே, சக்கரம் காற்றில் சுற்றினால் லோடே இல்லை. பாதி தீர்ந்த பேட்டரியை மாட்டு, ரிசீவரின் காலி போர்ட்டில் மல்டிமீட்டரை மினிமம் ஹோல்டில் (மிகக் குறைந்த அளவைப் பிடித்துக் காட்டும் நிலையில்) வை, முன் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பு. டெலிமெட்ரி (வோல்டேஜை டிரான்ஸ்மிட்டரில் காட்டும் வசதி) இருக்கிற ரிசீவர் என்றால் கார்பெட்டிலேயே ஓட்டி அதன் மினிமத்தைப் படி, அதுதான் உண்மையான சோதனை. 5.5க்குக் கீழே இறங்கினால் முதலில் பூஸ்டரின் உள் ஒயரையும் அந்த சால்டரையும் பார், பூஸ்டரைக் குறை சொல்வது அதற்கப்புறம்.