கமான் பட்டையில் கவாத்துக் கத்தி: தோய்க்கும்போது விரிசல், கையில் தீக்காயம்

காப்பிக்காட்டான் (ஏற்காடு)

காப்பிக் கவாத்துக்கும் மிளகுக்கொடி கழிக்கவும் ஆகிற மாதிரி 7 இஞ்ச் வாய் உள்ள கத்தியை வீட்டுக் கொட்டகையில் அடித்துப் பார்க்கிறேன். உலை லாரி பிரேக் டிரம். அடியில் ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப், கையால் சுற்றும் ப்ளோயர். கரி சீமைக்கருவேலம். இரும்பு, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கின லாரி கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), 10 மி.மீ. கனம். வெளிச்சம் வேண்டும் என்று உலையை முற்றத்தில் வைத்து, பகலில்தான் வேலை. மழை என்றால் கொட்டகைக்குள் இழுத்துக்கொள்வேன்.

நாலில் ஒன்றுதான் தேறியது. முதலாவது, இறுகட்டும் என்று சுடச்சுடத் தண்ணீரில் முக்கினதும் (தோய்த்ததும்) 'டிங்' என்றது, வாயில் குறுக்காக மூன்று கீறல். இரண்டாவது பழைய இன்ஜின் ஆயிலில் முக்கி, ராத்திரி அப்படியே வைத்தது. காலையில் காம்புப் பக்கம் லேசாகத் தட்டினதும் இரண்டு துண்டு. மூன்றாவது வளைந்துவிட்டது, வைஸில் பிடித்து நிமிர்த்தும்போது ஒடிந்தது. எண்ணெயில் தீ எழும்பி மணிக்கட்டில் கொப்புளம். கிரைண்டர் பொறி ஒன்று நேற்றிலிருந்து கண்ணில் உறுத்துகிறது.

ஊர்க் கொல்லர் இதே பட்டையைத் தண்ணீரில்தான் காட்டுகிறார், அவருக்கு வெடிப்பதில்லை. தப்பு எங்கே?

மருந்துப்பெட்டி

கத்தி அப்புறம். கண்ணை இன்றைக்கே காட்டுங்க. இரும்புத் தூள் கருவிழியில் ஒட்டினால் ஒரு நாளுக்குள் சுற்றிலும் துரு வளையம் பிடிக்கும். பிறகு துகளோடு அந்தத் துருவையும் சுரண்டி எடுக்க வேண்டி வரும். கசக்காதீங்க. பட்டறைகளில் வேட்டி நுனியாலும் தீக்குச்சியாலும் எடுத்துவிடுகிற பழக்கம் இருக்கிறது, அது கூடவே கூடாது. வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். ஒற்றைக் கண்ணோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கக் கூடாது.

சுத்தியால் அடிக்கும்போது தெறித்த துண்டாக இருந்தால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லணும். வேகமாக வந்த சில்லு கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம், வெளியே வலி குறைவாகத்தான் தெரியும். உள்ளே இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, காந்தம் துண்டை நகர்த்திவிடும்.

சாணைக்கல் (சேலம்)

மூன்று கத்திக்கும் மூன்று வேறு காரணம். உடைந்த வாயை வெளிச்சத்தில் பாருங்க, பாதி பதில் அதிலேயே இருக்கும்.

உடைந்த முகத்தில் ஒரு பகுதி கருப்பாகச் செதில் பிடித்திருந்தால், முக்குவதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. கமான் பட்டை லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்த இரும்பு. நடு போல்ட் ஓட்டையைச் சுற்றியும், பட்டை மேல் பட்டை உரசிய இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். வாங்கினதும் துருவைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்க. நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசி உலர விடுங்க. கீறல் இருந்தால் வெள்ளையில் மெல்லிய கோடாக எண்ணெய் கசியும். அந்தத் துண்டை ஒதுக்கிவிடலாம்.

முகம் முழுக்க அஸ்கா சர்க்கரை மாதிரி மினுமினுத்தால் சூடு அதிகம். உங்களுக்கு இதுதான் என்று நினைக்கிறேன், காரணம் முற்றம். வெயிலில் செம்பழுப்பு நிறம் மங்கலாகத் தெரியும். போதவில்லை என்று ப்ளோயரை இன்னும் சுற்றுவோம். இரும்பின் மணி (உள்ளே இருக்கும் நுண்ணிய படிகம்) பெருத்துவிடும், பெருத்த மணி கண்ணாடி மாதிரி உடையும். சரியான சூட்டில் தோய்த்த இரும்பின் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் வெல்வெட் போல இருக்கும். அடிப்பதை எங்கே வேண்டுமானாலும் அடிங்க, தோய்க்கும் வேலையை மட்டும் நிழலில் செய்யுங்க. கம்பியில் கட்டின காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி பக்கம். கமான் பட்டைக்கு அதற்கு மேல் ஒரு சாயல், 830 போதும். கல்லுப்பு 801 டிகிரியில் உருகும். கத்தியின் மேல் ஒரு சிட்டிகை போட்டு அது இளகி ஓடினால் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள்.

முக்குவதற்கு முன் மூன்று முறை சூடேற்றிக் காற்றில் ஆறவிடணும்: முதலில் 870, அடுத்து 840, கடைசியில் 790 போல, ஒவ்வொரு தடவையும் காந்தம் மறுபடி ஒட்டும் அளவுக்கு ஆறின பிறகு அடுத்தது. சுத்தி பட்ட இறுக்கம் தளர்ந்து மணி சிறுக்கும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பாதிக் கத்திகள் வளைகின்றன. இன்னொன்று: முக்கும்போது வாய் ஒன்றரை, ரெண்டு மி.மீ. கனத்தில் இருக்கணும். கூர் வைத்துவிட்டு முக்கினால் மெல்லிய ஓரம் முந்தி இறுகும், முதுகு பிந்தி இறுகும், நடுவில் இழுபட்டுப் பிளக்கும். குறுக்கே நிற்கும் கிரைண்டர் கோடுகளும் விரிசலுக்கு வழிகாட்டி. 120 நம்பர் தாளில் நீளவாக்கில் தேய்த்துவிடுங்க.

தண்ணீர் சமாச்சாரம். கமான் பட்டை பெரும்பாலும் சிலிக்கன் அல்லது குரோமியம் கலந்த ஸ்பிரிங் இரும்பு; எண்ணெயில் ஆறினாலே போதும். தண்ணீர் அதற்கு அதிவேகம். கொல்லர் முழுக் கத்தியையும் முக்குவதில்லை, கவனித்துப் பாருங்க. அரிவாளின் வாயை அரை இஞ்ச் மட்டும் காட்டி எடுப்பார், முதுகில் செஞ்சூடு மிச்சம் இருக்கும். வாயைக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பளபளப்பாக்குவார். முதுகுச் சூடு வாய்க்கு இறங்கி வைக்கோல் நிறம் ஓடும்போது மறுபடி காட்டி நிறுத்துவார். இறுக்குவதும் பதம் இறக்குவதும் (மிதமாகச் சூடாக்கி, உடைகிற தன்மையைக் குறைப்பது) ஒரே சூட்டில் முடிந்துவிடும். நீங்கள் முழுதாக முக்கினதால் திரும்பி வரச் சூடே இல்லை.

இரண்டாவது ராத்திரி வைத்ததால் போனது. முக்கின கத்தி பதம் இறக்கும்வரை கண்ணாடி. உள்ளே இழுவிசை குறையவே இல்லை. கையில் பிடிக்கிற சூட்டுக்கு வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள், ஓவனுக்குப் போகணும். 200 டிகிரியில் 2 மணி நேரம், ஆறவிட்டு மறுபடி 2 மணி நேரம். கட்டை வெட்டுகிற கத்தி என்றால் 230. வீட்டு ஓ.டி.ஜி. (சின்ன மின்சார ஓவன்) முள்ளை நம்பாதீங்க. தட்டில் மணல் பரப்பி, கத்தியை அதில் புதைத்து, தனித் தெர்மாமீட்டர் வையுங்க.

மூன்றாவதைப் பச்சையாக, அதாவது பதம் இறக்காமல் வைஸில் நிமிர்த்தினீர்கள். எண்ணெயிலிருந்து எடுத்த சில நொடிகளில், இன்னும் நல்ல சூடாக இருக்கும்போது, கையுறையோடு நிமிர்த்தலாம். தவறினால் முதல் பதம் முடிந்ததும் தடித்த பட்டையோடு சேர்த்துக் கிளாம்பு போட்டு, வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு காசு செருகி, இரண்டாவது பதத்துக்கு வையுங்க. ஆறின கத்தியை வைஸில் நெம்பினால் துண்டு முகத்துக்குத்தான் வரும்.

பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு வைத்திருந்தால், எங்கே வாங்கினது என்று ரசீது வைத்துக்கொள்ளுங்க. ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பதற்கென்றே 1966-ல் போட்ட சட்டம் இருக்கிறது.

துருத்தி

மேலே சொன்னதில் எண்ணெய் மட்டும் விட்டுப்போனது. பழைய இன்ஜின் ஆயிலைக் கொட்டிவிடுங்க. அதில் கலந்த பெட்ரோல் சீக்கிரம் தீப்பிடிக்கும், புகையில் உலோகக் கசடு வரும். அதைவிட மோசம் அடியில் தங்கின தண்ணீர். சூடான இரும்பு பட்டால் அது நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், எரிகிற எண்ணெயை வெளியே தூக்கி எறியும். ஏற்காட்டு மழையில் திறந்து வைத்த டப்பா என்றால் தண்ணீர் இல்லாமல் இருக்காது.

கடலை எண்ணெய் போதும், 5 லிட்டர். 300 கிராம் கத்தி முக்கினால் எண்ணெயின் சூடு 15, 20 டிகிரி ஏறும். அதனால் நாலு கத்தியை அடுத்தடுத்து முக்காதீங்க. முதலில் 50 டிகிரிக்குச் சூடாக்குங்க. மலைக் குளிரில் கெட்டியான எண்ணெய் மெதுவாகத்தான் ஆற்றும். உயரமான இரும்பு டப்பா, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, பொருந்துகிற இரும்பு மூடியோடு. பிளாஸ்டிக் வாளி வேண்டாம். தீ எழும்புவது கத்தி பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும்போதுதான். நீளக் குறடால் பிடித்து, தயங்காமல் முழுதாக இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டுங்க. பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். பிடித்துக்கொண்டால் மூடியைப் போடுங்க, தண்ணீர் ஊற்றக் கூடாது.

அப்புறம் அந்த ஜி.ஐ. பைப், அதன் மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், உலை வாய் அதைத் தாண்டும். புகையை இழுத்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும், ஒன்றிரண்டு நாளில் போகும். பால் குடித்தால் முறியும் என்பது சும்மா. பூச்சில்லாத கருப்பு பைப்பாக மாற்றுங்க.

மழைக்கு உலையை உள்ளே இழுக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய பயம். கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலி, குமட்டல் வந்தால் கதவைத் திறப்பது போதாது, ஆளே வெளியே வரணும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போதும் 98 என்று காட்டும். அந்த வாயு கலந்த ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே எடுத்துக்கொள்ளும். கூரைக்குக் கீழே எதிரெதிரே இரண்டு பக்கம் திறப்பு விட்டால்தான் உள்ளே உலை.

மருந்துப்பெட்டி

தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. பட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் பயன் உண்டு. ஐஸ் வேண்டாம். பேனா மை, டூத்பேஸ்ட், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம்; டாக்டர் அதையெல்லாம் கழுவி எடுக்கும்போதுதான் நிஜ வலி. மோதிரத்தையும் கைக்கயிற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றணும். கொப்புளத்தை உடைக்காமல், சமையலறையில் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்துங்க. காயம் பெரிதென்றால் ஏற்காட்டுக் குளிரில் மற்ற உடம்பைப் போர்வையால் மூடிவிட்டுக் காயத்தை மட்டும் நனைக்கணும். உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ, முகம், விரல், மூட்டு என்றாலோ 108-க்கு அடித்து, கீழே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடத்துக்குப் போங்க. தொட்டால் வலிக்காத வெளிறின காயம்தான் ஆழமானது, வலி இல்லை என்று விட்டுவிடாதீங்க. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் பாருங்க.

கையில் படும் சூட்டுக் காயங்களில் பல செஞ்சூட்டில் பட்டதல்ல, கருத்துப்போன இரும்பைத் தொட்டதால் பட்டது. நிறம் போன பிறகும் 400 டிகிரி இருக்கும். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எடுங்க. பாலியஸ்டர் சட்டையும் லுங்கியும் உருகித் தோலோடு ஒட்டும்; பருத்திதான். பேன்டை ஷூவுக்குள் திணிக்காமல் மேலே விடுங்க, பொறி உள்ளே விழாது.

காப்பிக்காட்டான் (ஏற்காடு)

கண்ணில் துகள் எடுத்தாச்சுங்க, துரு வளையம் இருந்ததாம். இன்ஜின் ஆயிலும் பைப்பும் மாற்றுகிறேன். இரண்டு சந்தேகம். விரிசல் விட்ட முதல் கத்தியை வெல்டு வைத்துக் காப்பாற்றலாமா? கமான் பட்டையே வேண்டாம் என்று சேலம் ஸ்டீல் தகடு வாங்கினால் துருவும் பிடிக்காது, நல்லதுதானே?

சாணைக்கல் (சேலம்)

வெல்டு வைக்காதீங்க; வெல்டுக்குப் பக்கத்திலேயே புதுசாக விரியும். கீறல் முடிகிற இடத்துக்கு மேல் ஒரு இஞ்ச் தள்ளி அறுத்து, மண்ணெண்ணெய் சோதனை மறுபடி செய்து, மிச்சத்தில் சின்னக் கத்தி போடுங்க. 4 இஞ்ச் கிரைண்டரில் அறுக்கும்போது காப்புத் தகட்டைக் கழற்றாதீங்க, அறுக்கிற வட்டின் பக்கவாட்டால் தேய்க்காதீங்க.

சேலம் உருக்காலையில் வருவது எவர்சில்வர் தகடு. பாத்திரத்துக்குப் போகிற 304 ரகத்தை எத்தனை தடவை முக்கினாலும் இறுகாது. கஞ்சமலை இரும்பு, சேலத்து உருக்கு என்று பழைய பெருமையை நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு ஜீப், பொலிரோ மாதிரி சின்ன வண்டியின் கமான் பட்டை போதும். 6, 7 மி.மீ. கனம்தான் வரும், பாதி சுத்தியடி மிச்சம்.