நிர்வாக இயக்குநர் விலகிவிட்டார். கம்பெனி கைமாறப்போகிறது என்று அர்த்தமா?

பெண்ணையாற்றங்கரை (காவேரிப்பட்டணம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்ட பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒரு சுரங்க நிறுவனத்தில் 600 பங்கு வாங்கினேன், 146 ரூபாய் விலையில். வடக்கே இரும்புத் தாது வெட்டுகிறார்கள், பக்கத்திலேயே அந்தத் தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஸ்பாஞ்ச் அயன் ஆலையும் வைத்திருக்கிறார்கள். பெயர் இங்கே வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அதன் நிர்வாக இயக்குநர் சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக அறிவிப்பு வந்தது. பத்து நாள் கழித்து நிதித் தலைவரும் விலகினார். அன்றிலிருந்து நான் இருக்கும் டெலிகிராம் குழுவில் இதே பேச்சுதான். பெரிய கை ஒன்று கம்பெனியை வாங்கப்போகிறது, அதற்காகத்தான் பழைய ஆட்களை அனுப்புகிறார்கள், 260 ரூபாய்க்கு ஓப்பன் ஆஃபர் (மற்ற பங்குதாரர்களிடமிருந்தும் பங்கு வாங்கிக்கொள்ளும் அறிவிப்பு) வரும் என்கிறார்கள். பங்கு இன்று 181-ல் நிற்கிறது. கம்பெனியும் இந்தப் பேச்சை இதுவரை மறுக்கவில்லை.

என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதனால் எங்கள் வீட்டில் சுரங்கம் என்றால் ஒரு மரியாதை. "பூமிக்குள்ளே சொத்து இருக்கு, கம்பெனி எங்கே போயிடப் போகுது" என்று அப்பா சொல்கிறார். ஆனால் ஜூனில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், அதற்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறேன். 260 வரை காத்திருக்கலாமா? மேலே இருப்பவர்கள் விலகுவது விற்பனைக்கு அடையாளம்தானா?

தருமபுரி சந்தை பதில்:

தம்பி, இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். 2020 மே மாதம் ரியோ டின்டோ என்ற பெரிய சுரங்க நிறுவனம் ஆஸ்திரேலியாவில் ஜூக்கன் பள்ளத்தாக்கின் பழமையான பாறைக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கிய இடம். எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பரில் தலைமை அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும் விலகுவதாக அறிவித்தார்கள். அதற்காகக் கம்பெனியை வாங்க யாரும் வரவில்லை.

ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்க நிறுவனத்தின் கதை இதற்கு நேர்மாறு. 2024 ஏப்ரலில் இன்னொரு சுரங்க நிறுவனமான பிஎச்பி அதை விலைக்குக் கேட்டு வந்தபோது, தலைமை அதிகாரி டங்கன் வான்பிளாட் நாற்காலியில் அசையாமல் இருந்தார். பிஎச்பி மூன்றாவது முறை சொன்ன விலை 3,860 கோடி பவுண்டு. அதுவும் படியாமல் மே 29-ஆம் தேதி பின்வாங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் அதே வான்பிளாட்தான் கனடாவின் டெக் நிறுவனத்தோடு இணையப்போவதாக அறிவித்தார். ஆள் மாறாமலேயே கம்பெனி விலைபேசப்படலாம், ஆள் மாறியும் ஒன்றும் நடக்காமல் போகலாம்.

ஓசூர் கணக்கு பதில்:

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவள். தம்பி முதலில் பார்க்க வேண்டியது விலகல் கடிதத்தை அல்ல, பங்குதாரர் பட்டியலை. காலாண்டு முடிந்த 21 நாளுக்குள் ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பங்குச்சந்தைக்குக் கொடுத்தாக வேண்டும், சந்தையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புரமோட்டர் (கம்பெனியை நடத்தும் முதலாளி தரப்பு) கையில் எத்தனை சதவீதம், அதில் எவ்வளவு அடமானத்தில் இருக்கிறது என்ற இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புரமோட்டரிடம் பாதிக்கு மேல் இருந்தால், அவர் விற்காமல் வெளியாள் சந்தையில் வாங்கிப் பிடிக்க வழியே இல்லை.

சரி, அவர் விற்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 25 சதவீதத்தை எட்டினாலோ, கட்டுப்பாடு அவர் கைக்குப் போனாலோ, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி மற்ற பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது 26 சதவீதம் வாங்க ஓப்பன் ஆஃபர் கொடுக்க வேண்டும். புரமோட்டருக்குப் பேசிய விலைக்கும், கடந்த 60 வர்த்தக நாள் சராசரி விலைக்கும் கீழே போக முடியாது. இன்னும் சில கணக்குகளும் உண்டு, அவற்றில் எது அதிகமோ அதுதான் அடிமட்டம். 260 என்கிறவரிடம் இதில் எந்தக் கணக்கில் அந்த எண் வந்தது என்று கேளுங்கள்.

இன்னொன்று, கொடுத்த பங்கு முழுவதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொதுமக்களிடம் 42 சதவீதம் இருந்து எல்லோரும் நீட்டினால், 26 மட்டும் வாங்குவார்கள். உங்கள் 600-ல் 371 போகும், மீதி 229 திரும்பி வரும். ஆஃபர் முடிந்த பிறகு அந்த 229-க்கு என்ன விலை இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அடமானம் அதிகமாக இருந்தால் கதையே வேறு. கடன் கொடுத்த வங்கி அடமானப் பங்கை எடுத்துக்கொண்டால், அதற்கு ஓப்பன் ஆஃபர் கடமை கிடையாது. திவால் வழக்காகி அதன் வழியாகப் புதியவர் கைக்குப் போனாலும் கிடையாது. வீட்டுக்கடன் கொடுத்துவந்த டிஎச்எஃப்எல் 2021-ல் அப்படித்தான் பிரமல் குழுமத்திடம் போனது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. கம்பெனி கைமாறும் என்ற உங்கள் குழுவின் பேச்சு உண்மையாகவே இருந்தாலும், எந்த வழியில் மாறுகிறது என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

கம்பெனி மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வதந்தியை உறுதிசெய்யவோ மறுக்கவோ வேண்டும் என்ற கட்டாயம் சந்தை மதிப்பில் முதல் 250 நிறுவனங்களுக்கு மட்டும்தான், அதுவும் 2024-ல்தான் வந்தது. உங்களுடையது அந்த வரிசையில் இல்லை என்றால் அதன் மௌனத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பர்கூர் கல் பதில்:

பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிகளில் 31 வருடம் இருந்தவன் நான். பங்குக் கணக்கு அந்த அம்மா சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. குழிக்குள் பார்த்ததைச் சொல்கிறேன்.

விற்கப்போகிற முதலாளி மேல்மண்ணை எடுக்கமாட்டார். அடுத்த வருடத்துக்கான பெஞ்சை, அதாவது கல் வெட்டும் படியை, திறக்க ஆகும் டீசல் அவருக்கு வீண் செலவு. இருக்கிற வெட்டுமுகத்தில் நல்ல பிளாக்காகப் பார்த்து வயர் போட்டு அறுத்து எடுப்பார், விரிசல் ஓடிய கல்லை அப்படியே விட்டுவிடுவார். ஆறு மாதத்தில் குவாரி பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். வாங்க வருகிறவர் அனுப்பும் ஆளையும் பார்த்ததும் தெரியும். பிளாக்கை வாங்க வருகிற மார்க்கர் கல்லைத் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றி விரிசல் பார்த்து, பழுதுக்கான அலவன்ஸ் கழித்து அளவு எழுதிக்கொண்டு போவார். குவாரியையே வாங்க வருகிறவரின் ஆள் கல்லைத் தொடவே மாட்டார், டிரில் போட்டு உருளை உருளையாக எடுத்துப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஆழத்தை எழுதுவார். உன் கம்பெனி பெரியது, அங்கே போய்ப் பார்க்க முடியாது. ஆனால் ஆண்டறிக்கையில் மேல்மண் அகற்றும் செலவு இரண்டு வருடமாகக் குறைகிறதா கூடுகிறதா என்று பார்க்கலாம்.

ஒருமுறை நான் சூப்பர்வைசராக இருந்த குவாரியில் மேனேஜரும் கணக்குப்பிள்ளையும் ஒரே மாதத்தில் நின்றார்கள். பெங்களூர்க்காரர் யாரோ வாங்குகிறார் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. நானும் நம்பினேன், புது முதலாளி வந்தால் சம்பளம் கூடும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால் கம்ப்ரசர் வாடகையும் வெடிமருந்து பாக்கியும் ஏழு மாதமாக நின்றிருந்தது. அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட அவர்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. யாரும் வாங்க வரவில்லை, பொங்கலுக்குள் குவாரியே நின்றுபோனது. அதனால்தான் உன் கம்பெனியில் பணத்தைப் பார்க்கிற ஆள் இரண்டாவதாகப் போனார் என்றதும் எனக்குத் திக்கென்றது.

உன் அப்பா சொன்னதற்கும் ஒரு வார்த்தை, அவர் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூமிக்குள் இருப்பது கம்பெனியின் சொத்து கிடையாது, இத்தனை வருடம் வெட்டிக்கொள் என்று அரசு கொடுத்த அனுமதிதான் அவர்களுடையது. 2015-ல் சட்டம் திருத்தினார்கள். சொந்த ஆலைக்குத் தாது வெட்டுகிற பழைய குத்தகை 2030 மார்ச் 31 வரை, இல்லையென்றால் முதலில் கொடுத்த நாளிலிருந்து 50 வருடம், பழைய புதுப்பிப்புக் காலம் என்று இவற்றில் எது கடைசியோ அதுவரை ஓடும். பிறகு ஏலம்தான். வெளியே விற்கிற தாதுக்கு 2020 மார்ச்சே கெடுவாக இருந்தது, ஒடிசாவில் பல இரும்புச் சுரங்கங்கள் அப்படித்தான் ஏலத்துக்குப் போயின. நான்கைந்து வருடத்தில் குத்தகை முடிகிற கம்பெனியை வாங்குகிறவர் எந்த விலை கொடுப்பார், யோசித்துப் பார்.

தங்கவயலை உன் தாத்தா பார்த்திருப்பார். ஜான் டெய்லர் கம்பெனியிடமிருந்து 1956-ல் மைசூர் அரசு எடுத்தது, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ். மேலே எத்தனை பேர் மாறினாலும் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்க வேண்டியிருந்தது, டன்னுக்குக் கிடைத்த தங்கமோ குறைந்துகொண்டே வந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். என் சித்தப்பா அந்த வாரம் தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெண்ணையாற்றங்கரை:

அக்கா, ஐயா, அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். புரமோட்டர் கையில் 58 சதவீதம். அதில் அடமானம் போன வருடம் 34-ஆக இருந்தது, இப்போது 71. இதைப் பற்றி அந்தக் குழுவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நான் எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

அப்பாவிடம் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். தாத்தா கடைசிக் காலத்தில் "கல்லு வருது, பொன்னு வரலை" என்று சொல்லுவாராம், இத்தனை வருடத்தில் இன்றுதான் அதைச் சொன்னார்.

கட்டணத்துக்கு வேண்டிய அளவு, 400 பங்கை, நாளைக் காலை விற்றுவிடுகிறேன். மீதி 200 இருக்கட்டும். ஆண்டறிக்கை 240 பக்கம் இருக்கிறது, அதில் குத்தகை முடியும் தேதியை எங்கே போடுவார்கள்?

பர்கூர் கல்:

தாது இருப்பு அட்டவணைக்குப் பக்கத்தில் சில பேர் போடுவார்கள், சில பேர் நிதிக் குறிப்புகளுக்குள் ஒளித்து வைப்பார்கள். கோப்பை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் தேடுகிறேன்.