திருச்சி – கொலம்பஸ் குடும்பக் குழுவில் ஓ-லைன் கவலை

நவம்பர் 21, 2024, வியாழன்

இரவு 8:04
நான்: மாமா, செய்தி பார்த்தீர்களா? நம் ஓஹியோ ஸ்டேட் அமெரிக்கக் கால்பந்து அணியின் சென்டர் மெக்லாஃப்லின் போயாச்சு. பயிற்சியில் அகிலிஸ் கிழிந்துவிட்டதாம். இந்த சீசன் அவருக்கு அவ்வளவுதான்.

8:05
ரவி மாமா: பார்த்தேன்டா. சாப்பாடே இறங்கவில்லை.

8:05
மீனா அத்தை: பொய். மூன்று சப்பாத்தி சாப்பிட்டார்.

8:07
ரவி மாமா: சனிக்கிழமை இந்தியானா வருகிறது. இதுவரை 10-0, ஒரு தோல்விகூட இல்லை. இந்த நேரம் பார்த்தா சென்டர் போக வேண்டும்? முதலில் சிம்மன்ஸ், இப்போது இவர்.

8:09
செல்வம் சித்தப்பா: அனுதாபங்கள் மாமா 😌 ஆனால் இதே மெக்லாஃப்லின் அலபாமாவில் இருந்தபோது ரோஸ் பௌல் ஆட்டத்தில் எங்கள் மிச்சிகனுக்கு எதிராக, பந்தைப் பின்னால் கொடுக்கும் கடைசி ஸ்னாப்பைத் தாழ்வாகப் போட்டாரே, அதை மறக்க முடியுமா? மிச்சிகன் பல்கலை இருக்கும் ஆன் ஆர்பரில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

8:10
ரவி மாமா: வந்துவிட்டான் மிச்சிகன்காரன்.

8:11
நான்: சித்தப்பா, அது ஜனவரி. இங்கே வந்த பிறகு அவர் ஸ்னாப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

8:13
அப்பா: காலை வணக்கம். இங்கே விடிந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கு என்ன கிழிந்தது? மாப்பிள்ளை நலம்தானே?

8:14
மீனா அத்தை: அவர் நலம்தான் அண்ணா. கால்பந்து. காலால் உதைக்காத கால்பந்து. அதில் ஒரு பையனுக்குக் குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது, இங்கே இரண்டு பேர் துக்கம் காக்கிறார்கள்.

8:16
அப்பா: ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் வரமாட்டானா? அத்தனை பெரிய காலேஜ்.

8:24
ரவி மாமா: அங்கேதான் மச்சான் சிக்கல். பந்தை எறிகிற க்வார்ட்டர்பேக் ஹவார்டைக் காப்பாற்ற முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள், அதுதான் ஓ-லைன். ஓரத்தில் இரண்டு டேக்கிள், உள்ளே இரண்டு கார்டு, நடுவில் சென்டர். ஐந்தும் ஐந்து வேலை. அக்டோபர் 12-இல் யூஜீனில் ஓரிகனோடு ஆடினோம், 32-31 தோற்றோம். அன்றைக்கு லெஃப்ட் டேக்கிள் சிம்மன்ஸுக்கு முழங்கால் போனது. அந்த இடம்தான் க்வார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கம். ஹவார்ட் வலது கைக்காரர், அங்கிருந்து வருகிறவனை அவர் பார்க்க முடியாது. அடுத்த ஆட்டத்தில் நெப்ராஸ்காவுக்கு எதிராக மாற்று ஆள் மைக்கால்ஸ்கியை இறக்கினார்கள். திணறினார், கடைசியில் அவருக்கும் அடி. அன்று 21-17 என்று தப்பித்தோம், ஓடி எடுத்தது வெறும் 64 யார்டு. அதற்கப்புறம் லெஃப்ட் கார்டு ஜாக்சனை டேக்கிளுக்குத் தள்ளினார்கள். காலியான கார்டு இடத்துக்கு ஹின்ஸ்மன். இப்போது சென்டர் போனதும் ஹின்ஸ்மன் நடுவுக்குப் போக வேண்டும். மறுபடியும் கார்டு காலி.

8:26
மீனா அத்தை: சின்னப் போர்வை கதைதான். தலைக்கு இழுத்தால் கால் தெரிகிறது.

8:26
நான்: அத்தை 👏👏

8:29
அப்பா: இப்போது புரிகிறது. எங்கள் காலத்துக் கபடியில் இரண்டு பேர் கை கோத்து சங்கிலி போடுவோம். ஒருவன் வேகமாகப் போய் இன்னொருவன் தயங்கினால் போதும், ரைடர் நடுவில் புகுந்து கோட்டுக்குப் போய்விடுவான். பழகின கையாக இருந்தால் பார்க்காமலே பிடி விழும்.

8:31
ரவி மாமா: அதேதான் மச்சான்! எதிராளி எங்கிருந்து பாய்வான் என்று பார்த்து மற்ற நான்கு பேருக்கும் குரல் கொடுப்பவர் சென்டர். ஒரு இலட்சம் பேர் கத்தும்போது அந்தக் குரல் பழகியிருக்க வேண்டும்.

8:33
நான்: ஆனால் மாமா, ஹின்ஸ்மன் புது ஆள் இல்லையே. 2023-இல் சீசன் முழுக்க அவர்தான் சென்டர்.

8:35
ரவி மாமா: கடைசி ஆட்டத்தைத் தவிர. மிஸூரியோடு காட்டன் பௌலில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். 14-3 தோல்வி. அப்புறம் அலபாமாவிலிருந்து மெக்லாஃப்லினை அழைத்து வந்து அவர் இடத்தில் நிறுத்தினார்கள். அதுவும் பழகிய இடத்தை வெளியிலிருந்து வந்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். என்னால் முடிந்திருக்காது.

8:37
மீனா அத்தை: உங்களால் முடியாது. சோபாவில் உங்கள் மூலையில் யாராவது உட்கார்ந்தாலே முகம் போய்விடும்.

8:41
நான்: அதுதான் எனக்கு ஆச்சரியம். இந்தக் காலத்தில் இடம் போனால் பையன்கள் மூட்டை கட்டிவிடுகிறார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி வேறு காலேஜுக்கு மாறுவதற்கான போர்ட்டல் திறக்கிறது, பாருங்கள் கூட்டத்தை. ஹின்ஸ்மன் போகவில்லை. அவர் போயிருந்தால் இன்றைக்கு நடுவில் நிற்க யார் இருக்கிறார்கள்? எல்லாரும் டெப்த் டெப்த் என்று மாற்று ஆட்களின் தலைகளை எண்ணுகிறார்கள். 136 கிலோ ஆட்கள் பெஞ்சில் நிறையவே இருக்கிறார்கள் மாமா. இடம் போன பிறகும் ஊரை விட்டுப் போகாத ஆள் எத்தனை பேர்?

8:43
ரவி மாமா: சரியாகச் சொன்னாய். முன்பெல்லாம் இரண்டு, மூன்று வருடம் உட்கார்ந்து உடம்பு ஏற்றி, பாடம் கற்று, நான்காம் வருடம் ஆடுவார்கள். இப்போது காத்திருக்க யாருக்குப் பொறுமை? நல்லவனாக இருந்தால் வேறு ஊரில் முதல் ஆளாகிவிடுவான். மிஞ்சுகிறவன் தேறாதவனோ, சின்னப் பையனோ.

8:45
செல்வம் சித்தப்பா: ஆட்களை வாங்கத் தெரிந்த ஊருக்கு ஆட்கள் இல்லை என்ற கவலையா? ஆச்சரியம்தான்.

8:46
ரவி மாமா: மச்சான், உங்கள் தம்பியைக் குழுவிலிருந்து எடுக்கட்டுமா?

8:48
அப்பா: நன்றி தெரிவிக்கும் விருந்துக்கு உங்கள் வீட்டுக்குத்தானே வருகிறான். எடுத்தாலும் நேரில் வந்து பேசுவான்.

8:50
நான்: காலியான கார்டுக்கு மான்ட்கமரியா சீர்வெல்டா என்று போட்டி. இரண்டு பேரையும் மாற்றி மாற்றி இறக்குவார்கள் போல. நான் சனிக்கிழமை தெற்கு ஸ்டாண்டில் இருப்பேன். எந்த நம்பர் ஆள் இறங்குகிறார் என்று சொல்கிறேன்.

நவம்பர் 23, சனி

மாலை 4:02
நான்: 38-15!!! தொண்டை போய்விட்டது. கேலப் டவுன்ஸ் அவர்கள் உதைத்து அனுப்பிய பன்ட்டைப் பிடித்து 79 யார்டு ஓடினாரே, பக்கத்தில் நின்ற யாரென்றே தெரியாத தாத்தா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

4:06
மீனா அத்தை: தொப்பி போட்டாயா இல்லையா?

4:10
ரவி மாமா: சந்தோஷம். ஆனால் நம் டிஃபென்ஸ் அவர்களை மொத்தமே 151 யார்டில் கட்டிவிட்டது, அதனால் ஓ-லைன் காயம் வெளியே தெரியவில்லை. நான் பந்தைப் பார்க்கவே இல்லை, நடு மூன்று பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பென் ஸ்டேட்டில் ஜெயித்த அன்று கடைசி 5 நிமிடம் ஓடி ஓடியே கடிகாரத்தைத் தீர்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தள்ளல் இன்று இல்லை.

4:12
நான்: மாமா, 23 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறோம்!

4:15
செல்வம் சித்தப்பா: மாமா சொல்வதுதான் சரி. அடுத்த வாரம் அந்த நடு மூன்று பேருக்கு முன்னால் நிற்கப் போவது எங்கள் டிஃபென்ஸின் மேசன் கிரஹாமும் கெனத் கிராண்டும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

4:16
ரவி மாமா: 5-5 டீம். பேசுகிறான் பார்.

4:16
செல்வம் சித்தப்பா: 2021, 2022, 2023, மூன்று வருடமும் உங்களை ஜெயித்தது யார்? 🙏

நவம்பர் 27, புதன்

பகல் 12:40
நான்: மிச்சிகன் ஆட்டம் வருகிறதே, கேம்பஸ் முழுக்க எம் எழுத்தின் மேல் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி ஒட்டிவிட்டார்கள். எம் இருக்கிற பலகை ஒன்றுகூடத் தப்பவில்லை.

12:44
மீனா அத்தை: அப்படியானால் என் பெயர்?

12:45
நான்: இந்த வாரம் நீங்கள் ✖️ஈனா அத்தை.

12:51
ரவி மாமா: செல்வம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்? மஞ்சளும் நீலமும் கலந்த எதையும் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசல் ஏறாதே. குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு.

12:58
செல்வம் சித்தப்பா: டொலிடோ தாண்டியதும் சட்டை மாற்றிக்கொள்கிறேன் மாமா.

நவம்பர் 30, சனி

மாலை 3:41
செல்வம் சித்தப்பா: 13-10, எங்களுக்கு.

3:49
அப்பா: இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, தூக்கம் வராமல் பார்க்கிறேன். என்ன ஆயிற்று? யாருமே பேசவில்லை.

3:50
மீனா அத்தை: அண்ணா, இங்கே இழவு வீடு.

3:52
ரவி மாமா: ஓடி எடுத்தது 77 யார்டு. கிரஹாமும் கிராண்டும் நிற்கிற அதே நடுவில் போய்ப் போய் மோதினார்கள். பந்தைப் பிடிக்க ஓரத்தில் ஜெரமையா ஸ்மித் நிற்கிறார். அவரைப் பார்க்க மாட்டார்களாம்.

3:54
செல்வம் சித்தப்பா: மாமா, பையன்கள் மேல் தப்பில்லை. ஒரு மாதமாக இடம் மாறி மாறி நின்ற லைனை வைத்துக்கொண்டு எங்கள் டீமின் பலமான இடத்திலேயே மோதச் சொன்னது யார்? அந்தக் கணக்குப் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

3:55
ரவி மாமா: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

3:55
மீனா அத்தை: அண்ணா, இரண்டு பேரும் ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குழுவில் பேசிக்கொள்கிறார்கள். வாய் திறந்தால் சண்டை வந்துவிடுமாம்.

3:58
மீனா அத்தை: கார்த்தி, மிச்சிகன் ஆட்கள் மைதானத்தில் கொடியை நட்டு அடிதடி, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடிக்கிறது என்று டிவியில் காட்டுகிறார்கள். நீ எங்கே?

4:09
மீனா அத்தை: கார்த்தி??

4:17
நான்: ஹை ஸ்ட்ரீட்டில் நடந்துகொண்டிருக்கிறேன் அத்தை. போனில் சார்ஜ் 4 சதவீதம். யாரும் பேசாமல் நடக்கிறார்கள், பஸ்ஸும் இல்லை.

4:18
ரவி மாமா: அங்கேயே நில். நானும் செல்வமும் வருகிறோம்.

4:19
மீனா அத்தை: செல்வம், போகும்முன் அந்த மஞ்சள் தொப்பியைக் கழற்றி வை.