மேடை இருக்கிறது, பாடவேளை இல்லை: மகளின் ஓவியத்துக்கு என்ன வழி?

எழுதியவர்: கெடிலக்கரைச் சட்டக்கடை

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். வேளாங்கண்ணி மாதா, பழனி முருகன், காலமான தாத்தா, கல்யாண ஜோடி எல்லோரும் என் மேசைக்கு வந்துதான் கண்ணாடிக்குள் போகிறார்கள். கேட்க வந்தது கடையைப் பற்றி அல்ல, மகளைப் பற்றி.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி, அரசு உதவி பெறுவது. பெயர் வேண்டாம். நாங்கள் இந்துக்கள், என் தங்கை படித்த பள்ளி என்பதால் இவளையும் சேர்த்தோம். ஒழுங்கிலோ படிப்பிலோ குறை சொல்ல மாட்டேன்.

அவளுக்குக் கை நன்றாக வரும். அப்பன் வாயால் சொல்வது என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் படமாவது பார்க்கிற கண் எனக்கு. சட்டத்தின் பின்னால் அடிக்கும் ஹார்டுபோர்டில் மிஞ்சுகிற துண்டுகளை அவளுடைய ஆறு வயதிலிருந்து அவளுக்குத்தான் கொடுக்கிறேன். போன மாதம் கடைக்கு எதிரே வெயிலில் நின்ற தள்ளுவண்டியை வரைந்திருந்தாள். சக்கரம் தரையில் அழுத்தி நின்றது. என் கடைக்கு வருகிற அச்சுப் படங்கள் பலவற்றில் வண்டி காற்றில்தான் தொங்கும்.

பள்ளியில் இது தெரியாமல் இல்லை. ஆண்டு விழா, பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் திருநாள், ஆசிரியர் தினம், எதுவானாலும் இவளைத்தான் கூப்பிடுகிறார்கள். தெர்மாகோல் எழுத்து, வரவேற்புப் பதாகை, வாசலில் கோலம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்திரை, பன்னிரண்டு அடிக் காடாத் துணியில். இரவு வானம், வால்வெள்ளி, ஒட்டகங்கள் எல்லாம் சொன்னபடியே போட்டவள், ஓரத்தில் தானாகவே தேவனாம்பட்டினத்துக் கடலையும் நான்கு கட்டுமரங்களையும் சேர்த்துவிட்டாள். பொறுப்புச் சகோதரி பார்த்துச் சிரித்துவிட்டு, "பெத்லகேமில் கடல் கிடையாது அம்மா" என்று மணல் பூசச் சொன்னார். பூசிவிட்டு வந்தவள் என்னிடம் சொன்னாள்: "அப்பா, அந்த மணலுக்கு அடியில் கடல் இருக்கிறது."

இப்படி வருடத்துக்கு ஐந்து மேடை. ஆனால் ஒருவரும் அவளுக்கு ஒரு கோடு சொல்லிக் கொடுத்ததில்லை. கால அட்டவணையில் வாரம் ஒரு ஓவிய வகுப்பு எழுதியிருக்கிறது; அந்த நேரத்தில் கணக்கு நடக்கிறது. ஓவிய ஆசிரியர் ஓய்வு பெற்ற பின் யாரும் வரவில்லை.

இதற்கிடையே குரலும் நன்றாக இருக்கிறது என்று பாடகர் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். அதில் என் அம்மாவுக்கு மனக்குறை. கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரையேறிய ஊர் எங்களுடையது. அம்மா பாடலீஸ்வரர் கோயிலில் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் தேவாரம் பாடுபவர். பேத்தி வேறு கோயிலுக்குப் பாடுகிறாளே என்கிறார்.

புதுச்சேரியில் ஓவியத்தையே பாடமாக வைத்திருக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாற்றலாம் என்கிறார் மைத்துனர். மாற்றலாமா, இங்கேயே வைத்துக்கொண்டு வெளியே கற்றுக்கொடுக்கலாமா? மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழுதியவர்: பழைய டிராயிங் மாஸ்டர்

ஐயா, உங்கள் மகளின் பள்ளி போன்ற ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என் இடமும் என்னோடு காலியானதுதான்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கை வரும் பிள்ளையைக் கண்டதும் நானும் மேடைக்குப் பிடித்துக்கொண்டவன்தான். கற்பித்தலையெல்லாம் கோடு இழுக்கத் தெரியாத பிள்ளைகளுக்குச் செலவழிப்பேன். நன்றாக வரைகிறவனிடம் பிரஷ்ஷைக் கொடுத்து, "விழா நாளைக்கு, முடித்துவிடு" என்பேன். அவனுக்கு அது பெருமை, எனக்கு வேலை முடிந்தது. அப்படி ஒரு பையன் ஆறு ஆண்டுகள் எனக்குப் பதாகை எழுதினான். கவின் கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் எதிரே ஒரு பானையை வைத்து வரையச் சொன்னபோது, பானையின் வாய் நீள்வட்டமாகத் தெரியும் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. முழு வட்டம் போட்டுவிட்டு வந்தான். அது அவன் தவறு இல்லை.

சக்கரம் தரையில் நிற்கிறது என்றால் உங்கள் பெண்ணுக்குக் கண் இருக்கிறது. இனி அந்தக் கண்ணுக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டும். ஒரு செங்கல், ஒரு சொம்பு, ஒரு முட்டை. சன்னல் ஓரத்தில் வைத்துக் காலை ஒன்று, மாலை ஒன்று வரையட்டும். நிழல் எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நீண்டது என்று பார்க்கட்டும். அழிப்பானைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் பார்த்து வரைவதையும் ஆறு மாதம் நிறுத்துங்கள்.

அரசுத் தேர்வுகள் இயக்ககம் தொழில்நுட்பத் தேர்வுகள் நடத்துகிறது. ஓவியத்தில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் (கருவி இல்லாமல் கையாலேயே போடும் உருவரை), மாடல் டிராயிங் (எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைவது) என்று தாள்கள் இருக்கும். பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் தனித்தேர்வராக எழுதலாம். சான்றிதழ் கையில் இருப்பது நல்லதுதான், ஆனால் நான் சொல்வது அதற்காக இல்லை. அந்தத் தாள்களுக்குத் தயாராகிறவள் பார்த்து வரையாமல் தப்ப முடியாது.

ஜவகர் சிறுவர் மன்றம் கடலூரில் இருக்கிறது. அரசுக் கலை பண்பாட்டுத் துறையுடையது, 16 வயது வரை சேர்க்கிறார்கள், கட்டணம் உங்கள் 1,500-ஐத் தொடாது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள். பிளஸ் டூவுக்குப் பிறகு என்றால் சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, நான்காண்டுப் படிப்பு. எழும்பூர்க் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. இரண்டு இடத்திலும் மதிப்பெண்ணோடு கையையும் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் கண்ணாடி வெட்டுகிறவர் என்பதால் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போங்கள். சன்னல்களில் வண்ணக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஈயப் பட்டையால் இணைத்துப் புனிதர்களை ஆக்கியிருப்பார்கள். அங்கே கறுப்புக் கோடு என்பது மையால் போட்டது அல்ல, கண்ணாடியைத் தாங்குகிற எலும்பு. காலையில் ஒரு முறை, வெயில் சாய்ந்த பிறகு ஒரு முறை பாருங்கள். அடுத்த வாரம் சிதம்பரம் போய்க் கோபுர வாயிலில் நாட்டிய நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்கள் முன் உட்காரட்டும். 108 இருக்கின்றன, இரண்டு வரைந்தால் போதும்.

பின்திரை விஷயத்தில் சகோதரி சொன்னது சரி. ஆனால் மணல் பூசச் சொல்வதற்கு முன், ஏன் கடல் போட்டாய் என்று கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்க மாட்டேன்.

எழுதியவர்: மூன்றாம் வரிசை ஆல்டோ

அண்ணா, பாட்டிக்காக இதை எழுதுகிறேன். நானும் இந்து வீட்டுப் பெண், புதுச்சேரியில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவள்.

வீட்டில் வர்ணம் வரை கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தேன். சுருதி ஐந்தரைக் கட்டை; அதைவிட்டு நகர்ந்ததே இல்லை. பாடகர் குழுவில் சேர்ந்த முதல் வாரமே தடுமாறிவிட்டேன். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறுகிறது. என்னை ஆல்டோவில், அதாவது பெண்குரல்களில் கீழ்க்குரலில், நிறுத்தினார்கள். பக்கத்தில் சோப்ரானோக்காரிகள் மேலே ஒரு வழியில் போகும்போது நான் கீழே என் வழியை விடாமல் பிடிக்க வேண்டும். மூன்று மாதம் என் குரல் தானாக அவர்கள் பின்னால் ஓடியது. போதாக்குறைக்கு நான் ஒவ்வொரு சுரத்தையும் அசைத்துப் பாடுவேன். "நேராக நிறுத்து, நேராக நிறுத்து" என்று சகோதரி மேசையைத் தட்டுவார். வீட்டுக்குப் போனால் பாட்டு டீச்சர், "ஏன் இப்படிக் கட்டை மாதிரி பாடுகிறாய்" என்று திட்டுவார். இருவரிடமும் திட்டு வாங்கித்தான் கமகம் என்கிற அந்த அசைவு என்னவென்று எனக்குப் புரிந்தது. அதுவரை அது தானாக வந்துகொண்டிருந்தது.

பாட்டியிடம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். கத்தோலிக்கர், முன்சீப் வேலை பார்த்தவர், எல்லா மதத்தாருக்கும் பொருந்தும்படி கர்நாடக ராகங்களில் கீர்த்தனை எழுதினார். தமிழிசையை ஆராய்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவர்தான். அதோடு, பேத்தியைச் சனிக்கிழமைகளில் உட்கார வைத்து ஒரு பதிகத்தைப் பண்ணோடு சொல்லிக்கொடுக்கட்டும். பாட்டியின் குறை பாதிக்கு மேல் அதில் தீரும் என்று நினைக்கிறேன்.

வழிபாட்டில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டுமா என்ற பயம் இருந்தால், அரசியலமைப்பின் 28(3) பிரிவு இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டுக்கு வரச் சொல்ல முடியாது. எனக்கு அது தேவைப்படவில்லை. பாட்டு பிடித்தது, பாடினேன்.

எழுதியவர்: நெல்லிக்குப்பம் தந்தை

பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு தலைக்கு மேல் இருக்கிறது. வேலை வாங்கித் தருவது மதிப்பெண்தான். முதலில் அதை முடிக்கட்டும், படம் எங்கேயும் ஓடிப்போகாது.

எழுதியவர்: கெடிலக்கரைச் சட்டக்கடை

கணக்கில் 88 வாங்கியிருக்கிறாள் ஐயா. ஓவிய வகுப்பில் நடத்திய கணக்கையும் சேர்த்துத்தான்.

எழுதியவர்: அரியாங்குப்பத்து நாட்டிய ஆசிரியை

பள்ளி மாற்றத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஈராண்டுப் படிப்பு. நேராகப் பத்தாம் வகுப்பில் நுழைவது கடினம். ஆகவே இப்போது மாற்றாதீர்கள். பதினோராம் வகுப்பில் ஓவியத்தைத் தேர்வுப் பாடமாக எடுக்கலாம். எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70. சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனியும் அதில் பாடமாக வருகிறது. ஆனால் வாரியத்தின் பட்டியலில் பாடம் இருந்தால் போதாது, அந்தப் பள்ளியில் அதை நடத்த ஆசிரியர் வேண்டும். சேர்க்கைக்குப் போகும்போது, "ஓவிய ஆசிரியரைப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். ஆள் வந்து நின்றால் படிவம் வாங்குங்கள்.

பிளஸ் டூ முடிந்ததும் எங்கள் ஊர் பாரதியார் பல்கலைக்கூடத்தையும் மனத்தில் வையுங்கள். புதுச்சேரி அரசுடையது, ஓவியம், சிற்பம், இசை, நாட்டியம் எல்லாவற்றிலும் பட்டப்படிப்பு உண்டு. கடலூர் பஸ்ஸில் வந்தால் நகரத்துக்குள் போக வேண்டாம், அரியாங்குப்பத்திலேயே இறங்கிவிடலாம்.

மதம் சார்ந்த பள்ளி என்பதால்தான் இப்படி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி கத்தோலிக்கத் திருச்சபையினர் நடத்துவது. பரதத்தை முழுநேரப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். ஓர் ஆன்மிக அமைப்பு நடத்தும் இந்துப் பள்ளியில் சில ஆண்டுகள் நாட்டியம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே வாரம் இரண்டு வகுப்பு, நல்ல மரத்தரை, எல்லாம் இருந்தது. ஆனால் தலைவனை நினைத்து ஏங்கும் நாயகி பாவம் மட்டும் கூடாது. வர்ணத்தில் தோழியைத் தூது அனுப்பும் இடத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். இறைவனையே தலைவனாக வைத்துப் பாடியதுதானே நம் பக்தி மரபு என்று கேட்டுப் பார்த்தேன். வளரும் பெண்பிள்ளைகள், வேண்டாம் என்றார்கள். எடுத்துவிட்டேன். உங்கள் மகள் மணல் பூசியதைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது.

ஆகவே ஒரு முறை போய் வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு வேலை வாங்கும் பள்ளிகளிடம் பெற்றோர் திரும்ப ஒன்றும் கேட்பதில்லை.

எழுதியவர்: கெடிலக்கரைச் சட்டக்கடை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தலைமைச் சகோதரியைப் பார்த்தேன். குறை சொல்லப் போவது போல் இருக்கக் கூடாது என்று பாதுகாவலர் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டு எடுத்துப் போனேன். (தேக்கு இல்லை, தேக்கு நிறம்.) இந்த வருடம் அட்டவணையில் கை வைக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். ஆனால் சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கீழ்த்தள வராந்தாவைத் தருகிறேன், ஆசிரியரை நீங்கள் கொண்டுவாருங்கள் என்றார். டிராயிங் மாஸ்டர் ஐயாவுக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்டேன். பஸ் கட்டணமும் ஒரு காபியும் போதும் என்கிறார். பதினோரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் நால்வருக்குக் கோடே வராது என்று என் மகள் சொல்கிறாள். ஹார்டுபோர்டு என் பொறுப்பு.

பசிலிக்காவுக்கும் போய்வந்தோம். அவள் சன்னலைப் பார்த்தாள், நான் ஈயப் பட்டை மூலையில் எப்படித் திரும்பியிருக்கிறது என்று பார்த்தேன். கழுத்து வலிக்கிறது. பள்ளி மாற்றத்தைப் பதினோராம் வகுப்பின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அம்மா இன்னும் முணுமுணுக்கிறார். ஆனால் பதிகம் ஆரம்பித்தாகிவிட்டது.

பின்திரை இந்த டிசம்பரிலும் இவளுடையதுதான். கலிலேயாவில் கடல் உண்டே என்று சகோதரியிடம் கேட்டிருக்கிறாள். "அது முப்பது வருடம் கழித்து வருகிற கதை, குடிலில் வேண்டாம். ஈஸ்டர் காலத்துப் பாஸ்காவுக்கு வரைந்து கொடு" என்றாராம்.

மாஸ்டர் ஐயா, அழிப்பான் கொண்டுவரக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். செங்கல் நான் எடுத்து வருகிறேன். ஒன்று போதுமா?