கம்பெனியோட சேர்ந்து க்ளைமேட் ப்ராஜெக்ட், எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கேள்வி: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன கம்பெனி ஒத்துக்கிட்டாங்க, வெள்ளம் வெயில் ரெண்டையும் எப்படி சமாளிக்கறதுன்னு நாங்க சொல்லணும், ஆனா அவங்க கேக்கறதெல்லாம் கார்பன் கணக்கு (கம்பெனி எவ்ளோ கார்பன் வெளியிடுதுங்கறது) தான். என்ன பண்றது?

பதில் 1: ரெண்டும் வேற வேற பாஸ். கார்பனை குறைக்கறது மிட்டிகேஷன், வரப்போற பாதிப்புக்கு தயாராகறது அடாப்டேஷன். முதல் மீட்டிங்லயே இதை பேசி எழுத்துல வாங்கிடுங்க, இல்லன்னா கடைசில ரிப்போர்ட்ட பாத்துட்டு நாங்க கேட்டது இது இல்லியேம்பாங்க. 2019ல வந்த ஐஎஸ்ஓ 14090, 2021ல வந்த 14091 ரெண்டும் அடாப்டேஷனுக்குன்னே இருக்கற சர்வதேச ஸ்டாண்டர்ட்.

பதில் 2: ஸ்டாண்டர்டெல்லாம் அப்புறம், மெயின்டனன்ஸ் ஆளுங்ககிட்ட பேசுங்க முதல்ல. போன தடவை தண்ணி எந்த வாசல் வழியா வந்துச்சு, மெயின் கரன்ட் போர்டு தரையிலேந்து எவ்ளோ உயரம், ஜெனரேட்டர் பேஸ்மென்ட்லயா, சரக்கு கீழ் தட்டுலயா, எல்லாம் டேப் வச்சு அளந்து எழுதுங்க. காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7% கூடுதல் ஈரம் பிடிக்கும், மழையும் இன்னும் பலமா கொட்டலாம், அதனால பழைய மழை ரெக்கார்டை மட்டும் நம்பி வடிகால் சைஸ் முடிவு பண்ணாதீங்க.

கேள்வி கேட்டவர்: ஜெனரேட்டர் பேஸ்மென்ட்ல தான் இருக்கு 😅 டேட்டா கேட்டா தான் இழுக்கறாங்க.

பதில் 1: அவங்க டேட்டாவை வெளில சொல்ல மாட்டோம்னு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கோங்க, காலேஜ்ல சப்மிட் பண்ற அனுமதியும் அதுலயே இருக்கணும்.