புதுப்பிப்பு: ரெட்டிட் கதவடைப்புக்குப் பிறகு லெம்மி எப்படி இருக்கிறது?

2023 ஜூனில் ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தின் குழுக்கள் கதவடைத்தபோது இந்த இழையைத் தொடங்கினேன். வெளிச் செயலிகள் தளத்தின் தரவைப் பெறும் வழியான ஏபிஐ-க்கு ரெட்டிட் விதித்த கட்டணத்தை எதிர்த்து 12ஆம் தேதி முதல் ஆயிரக்கணக்கான குழுக்கள் மூடிக் கிடந்தன. ரெட்டிட் போலவே இருந்தாலும் பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும் லெம்மிக்கு எல்லோரும் போய்விடுவார்களா என்று அப்போது பேசிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு நடந்தவை இவை.

கட்டணம் குறையவில்லை. ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொன்ன, ரெட்டிட்டைப் படிக்க உதவிய அப்போலோ செயலி ஜூன் 30-இல் நின்றுபோனது. திறக்காத குழுக்களின் நடத்துநர்களை மாற்றுவோம் என்று நிர்வாகம் எச்சரித்ததும் பெரும்பாலானவை திறந்துவிட்டன. 2024 மார்ச்சில் நிறுவனம் பங்குச் சந்தைக்கும் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த விதிதான் எனக்குப் பெரிய வருத்தம்: பொதுக் குழுவைத் தனிப்பட்டதாக மாற்ற இனி நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். போராடும் வழியையே அடைத்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் குழுவைக் காத்தவர்களுக்கு இது நியாயமே இல்லை.

சரி, லெம்மி? ரெட்டிட் அளவுக்குக் கூட்டம் வரவில்லை, ஆனால் வந்தவர்களில் ஒரு பகுதியினர் தங்கிவிட்டார்கள். ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் தங்களுக்கென்றே ஒரு சர்வர் அமைத்துக்கொண்டார்கள். ரெட்டிட்டுக்காக இருந்த சிங்க் செயலி லெம்மிக்காக மறுபடி வந்தது. லெம்மி போன்ற இன்னொரு தளமான கேபின் 2024-இல் முடங்கியது. அதன் நிரலிலிருந்து பிரிந்த எம்பின் தொடர்ந்தது.

இந்தச் சர்வர்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் யாரும் பயன்படுத்தக்கூடிய பொது நெறிமுறை என்பதால் ஒரு சர்வர் மூடினாலும் மற்றவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். ஆனால் மூடிய சர்வரில் கணக்கு வைத்திருந்தவர் வேறிடத்தில் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். ஒரு சர்வரில் சேருமுன் அதை யார் நடத்துகிறார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.